ஒரு இஞ்ச் பைப்பும் ஒரு வருஷ ஜிம் சந்தாவும்

'பார்' என்றதும் டாஸ்மாக் இருக்கும் திசையில் கழுத்தைத் திருப்பிய மக்கள் மன்னிக்கவும். இது தொங்குகிற பார். இரண்டு கம்பம், நடுவில் ஒரு இரும்பு பைப். மொத்த மேட்டரே அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' வெளியே தெரியாமல் இருக்கிறவரைதான் ஒரு பெரிய வியாபாரம் ஓடும். அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

ஜனவரி முதல் வாரம் ஜிம் வாசல்களில் ஃபிளெக்ஸ் முளைக்கும். மாசா மாசம் கட்டினால் 1000, வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 6000, கூடவே ஒரு டீ-ஷர்ட் இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஊருக்கு ஊர் தொகை மாறும், தந்திரம் மாறாது). காலேஜ் பையன் மனக்கணக்குப் போடுகிறான். 6000-ஐ 12-ஆல் வகுத்தால் 500. பாதி விலை! வீட்டில் கெஞ்சி வாங்கிக் கட்டுகிறான். ஜனவரியில் 18 நாள் போகிறான். பிப்ரவரியில் 9 நாள். மார்ச்சில் இன்டர்னல், 3 நாள். ஏப்ரலில் செமஸ்டர். மே மாசம் ஊருக்குப் போயாச்சு. ஜூனில் அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு தெரு வழியாக நடக்கிறான், மாஸ்டர் பார்த்துவிடுவாரோ என்று. ஆக 30 நாளுக்கு 6000. ஒரு தடவைக்கு 200 ரூபாய். மாசா மாசம் கட்டியிருந்தால் மூணு மாசத்துக்கு 3000-தான் ஆகியிருக்கும். 'பாதி விலை' கடைசியில் இரட்டை விலையாகிவிட்டது. மிச்சம் அந்த டீ-ஷர்ட். அதுவும் ரெண்டு தடவை துவைத்தால் எழுத்து உரிந்துவிடும்.

இது கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவில் 3 ஜிம்களின் 7,700-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களை 3 வருஷக் கணக்கு வைத்து ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாசம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாசத்துக்கு நாலு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே ஜிம்மில் 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். அமெரிக்காக்காரனும் நம்மாளும் ஏமாறுவதில் மட்டும் சகோதரர்கள்.

ஏன் இப்படி? காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். 'முன்கூட்டியே பெற்ற வருமானம்' ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கம் உட்காரும். சேவை கொடுத்தால்தான் அது வருமானம். ஆனால் ஜிம் வியாபாரத்தில் மட்டும் சேவையை வாங்கிக்கொள்ள ஆள் வரவே இல்லையென்றாலும் தேதி முடிந்ததும் பொறுப்பு பொசுக்கென்று வருமானமாகிவிடும். 20 மெஷின் இருக்கிற இடத்தில் 300 பேருக்குச் சந்தா போடுவது எதை நம்பி? 300 பேரும் சாயங்காலம் 6 மணிக்கு வந்து நின்றால் என்ன ஆகும்? மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அந்தத் தொழிலின் அஸ்திவாரம். வராத வாடிக்கையாளரே சிறந்த வாடிக்கையாளர் என்கிற வியாபாரம் உலகத்தில் ரொம்பக் குறைவு.

(நடுவில் ஒரு ஜிஎஸ்டி துணுக்கு. ஜிம் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. கூடவே உள்ளீட்டு வரி வரவையும் எடுத்துவிட்டார்கள். அதாவது டிரெட்மில் வாங்கும்போது ஜிம்காரர் கட்டுகிற வரியை இனிமேல் அவர் கழித்துக்கொள்ள முடியாது. அது எங்கே போய் விழும் என்று புரிகிறதல்லவா. அப்புறம், வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத தெருமுனை ஜிம்முக்குப் பதிவே கட்டாயமில்லை. பதிவே இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டால் 'நம்பர் காட்டுங்க அண்ணே' என்று தாராளமாகக் கேட்கலாம்.)

சரி, மேட்டருக்கு வருவோம். உடம்பின் மேல்பாதிக்கு அடிப்படையில் இரண்டே வேலை. ஒன்று தள்ளுவது, இன்னொன்று இழுப்பது. தள்ளுவதற்குத் தரை போதும். தண்டால். கீழ்பாதிக்கு உட்கார்ந்து எழுந்தால் போதும். பஸ்கி. ஓடுவதற்கு ரோடு இருக்கிறது, நாய் துரத்தினால் வேகமும் வரும் :-) இதெல்லாம் ஊரில் தேகப் பயிற்சி சாலைகள் இருந்த காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்டாலைப் 'புஷ்-அப்' என்றும் பஸ்கியை 'ஸ்குவாட்' என்றும் சொல்லி, நடுவில் ஒரு மெஷினையும் வைத்தால் சந்தா கேட்கலாம் என்பது பிற்காலக் கண்டுபிடிப்பு.

சிக்கல் இழுப்பதில்தான். தரையைப் பிடித்து இழுக்க முடியாது. சுவரைப் பிடித்தும் முடியாது. 'எந்த உபகரணமும் இல்லாமல் வீட்டிலேயே முழு உடம்புக்கும் பயிற்சி' என்று வருகிற வீடியோக்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 20 வகை பயிற்சி காட்டுவார்கள். அதில் 19 தள்ளுவதும் குதிப்பதும். முதுகுக்கு என்ன காட்டுவார்கள்? குப்புறப் படுத்துக் கையைக் காலைத் தூக்கச் சொல்வார்கள். நீச்சல் தெரியாதவன் கட்டிலில் படுத்து நீந்துவது மாதிரி. அதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் அது இழுப்பது அல்ல. நாள் முழுக்கக் குனிந்து போன் பார்க்கிற ஒரு தலைமுறைக்கு, நெஞ்சுக்கு மட்டும் வேலை கொடுத்து முதுகை அம்போவென்று விட்டால் அது அரைப் பயிற்சிதான்.

ஆக, மொத்த உடற்பயிற்சிக்கும் நிஜமாகவே தேவைப்படுகிற சாமான் ஒன்றே ஒன்று. தலைக்கு மேலே, உடம்பு எடையைத் தாங்குகிற, கையால் பிடிக்கிற ஏதாவது ஒன்று. இதைக் கொடுக்காமல் மற்ற எல்லாவற்றையும் விற்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு கோஷ்டி கிளம்பி வரும். 'அந்தக் காலத்தில் பாட்டி கிணற்றில் தண்ணி இறைத்தார், தாத்தா தென்னை மரம் ஏறினார், முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று. உண்மைதான், கப்பிக் கயிற்றை இழுப்பதும் மரம் ஏறுவதும் அசல் இழுப்பு வேலைதான். ஆனால் பாட்டி தண்ணி இறைத்தது முதுகுத் தசைக்காக அல்ல ஐயா. வீட்டில் குழாய் இல்லை. குழாய் வந்ததும் முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டதும் அந்தப் பாட்டிதான். கிணற்றடிக்குத் திரும்பிப் போகச் சொல்கிறவர் முதலில் அவர் வீட்டு மோட்டாரைக் கழற்றட்டும்.

அடுத்து, ஆன்லைனில் விற்கிற 'கதவில் மாட்டும் பார்'. இது இரண்டு வகை. ஒன்று நிலைச்சட்டத்தின் மேல் கொக்கி மாதிரி மாட்டித் தொங்கவிடுவது. இது அமெரிக்க வீடுகளுக்காகப் பிறந்தது. அங்கே சுவர் மெல்லிசு, கதவைச் சுற்றிச் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு ஒரு மரச்சட்டம் ஓடும். அந்த விளிம்பில்தான் கொக்கி உட்காரும். நம்ம ஊரில் வெளிச்சுவர் 9 இஞ்ச் செங்கல் சுவர், உள்ளே தடுப்புச் சுவர் நாலரை இஞ்ச். நிலை பெரும்பாலும் சிமெண்ட் பூச்சோடு பூச்சாக மட்டமாக இருக்கும், மாட்டுவதற்கு விளிம்பே கிடையாது. வாங்கிய பையன் பார்சலைப் பிரித்து, மாட்டிப் பார்த்து, முழித்து, கடைசியில் துணி காயப்போட வைத்துக்கொள்வான். இரண்டாவது வகை, இரண்டு பக்க நிலைக்கும் நடுவில் திருகித் திருகி இறுக்குவது. அது வெறும் உராய்வில் நிற்கிறது. பெயின்ட் வழவழப்பாக இருந்தால், திருகு லேசாகத் தளர்ந்தால், ஆள் மல்லாக்க விழுவான். முகவாய் பாருக்கு மேலே இருக்கிற நேரத்தில் விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும் என்று சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் தாண்டி, மஞ்சள் குங்குமம் வைத்த வாசக்காலில் தொங்குவதைப் பார்த்தால் அம்மா என்ன சொல்வார் என்பது தனி அத்தியாயம்.

இதற்குக் கொடுக்கிற காசில் நிஜமான பாரே போட்டுவிடலாம். எப்படி?

ஹார்டுவேர் கடையில் ஜிஐ பைப் என்று கேட்டால் 'என்ன சைஸ், என்ன கிளாஸ்' என்பார்கள். ஒரு இஞ்ச், பி கிளாஸ். பைப்பில் வண்ணப் பட்டை இருக்கும். மஞ்சள் என்றால் ஏ கிளாஸ், மெல்லிசு. நீலம் பி. சிவப்பு சி, கனமானது. ஒரு இஞ்ச் என்பது உள் அளவின் பெயர்தான், வெளியே அளந்தால் கிட்டத்தட்ட 34 மில்லிமீட்டர் வரும். பெரும்பாலானோர் கைக்குப் பொருந்துகிற தடிமன் அது. முக்கால் இஞ்ச் பைப் பிடிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் நீளம் போனால் வளையும். பி கிளாஸில் சுவர்க்கனம் 3.2 மி.மீ. 5 அடித் துண்டு 4 கிலோகூட வராது. முழு நீளம் 20 அடி. 5 அடி மட்டும் வெட்டித் தரமாட்டேன் என்று கடைக்காரர் முறுக்கினால் காயலான் கடைக்குப் போகலாம். ஆனால் அங்கே துருவேறியதையும், ஏற்கெனவே வளைத்து நிமிர்த்தியதையும் தொடாதீர்கள். பிவிசி பைப்பில் தொங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல இங்கே இடமில்லை.

இரண்டு கம்பத்துக்கும் நடு இடைவெளி 4 அடி. அதற்குமேல் போகாதீர்கள். ஒரு இஞ்ச் பைப்பை 6 அடி இடைவெளியில் போட்டால், 80 கிலோ ஆள் எகிறிப் பிடிக்கும்போது வளைந்து வில்லாகிவிடும். அகலம் வேண்டுமென்றால் ஒன்றேகால் இஞ்சோ ஒன்றரை இஞ்சோ வாங்க வேண்டும், கையில் பிடிப்பது கஷ்டமாகும்.

கம்பத்துக்கு நம்ம ஊர் சவுக்கைவிட மலிவு எதுவும் இல்லை. பந்தல் போடுகிறவர்கள், சாரம் கட்டுகிறவர்கள் எல்லோரும் நம்புகிற மரம். நாலைந்து இஞ்ச் கனத்தில், பத்தரை அடி நீளத்தில் நேரான கம்பம் இரண்டு. அடியில் மூணடிக்குத் தார் பூசிவிட்டால் கரையான் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஒரு அடி அகலத்தில் இரண்டரை அடி ஆழக் குழி. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு. கம்பத்தைத் தூக்குநூல் வைத்து நேராக நிறுத்திக் கலவையைப் போட்டுக் குத்திவிட வேண்டும். மேல் முனையிலிருந்து அரை அடி விட்டுத் துளை போட்டுப் பைப்பைச் செருகினால் பார் ஏழரை அடி உயரத்தில் நிற்கும். பைப் சுழலக்கூடாது. இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சுழலுகிற பாரில் பிடி நிற்காது, விரல் பிரிந்துவிடும். இரண்டு முனையிலும் கம்பத்தையும் பைப்பையும் சேர்த்துத் துளைத்து ஒரு போல்ட் முடுக்கிவிட்டால் தீர்ந்தது.

மரமே வேண்டாம் என்பவர்கள் கம்பத்துக்கு 2 இஞ்ச் ஜிஐ பைப் எடுத்து வெல்டிங் பட்டறையில் கொடுக்கலாம். பற்றவைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்தப் புகை பட்டறை அண்ணனுக்கு ஆகாது. பற்றவைத்த இடத்தில் பெயின்ட் அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே துரு பிடிக்கும்.

கலவை போட்ட அன்றைக்கே தொங்கிப் பார்க்கிற ஆர்வக்கோளாறுகளுக்காக ஒரு வார்த்தை. 7 நாள் தண்ணி ஊற்றுங்கள், கையை வைக்காதீர்கள். அப்புறமும் முதலில் ஆள் ஏறக்கூடாது. இரண்டு அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பாருங்கள். கம்பம் அசையவில்லை, பைப் வளையவில்லை என்றால் பிறகு நீங்கள். வியர்வையில் வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் போதும், அதற்கென்று 'கிரிப்' தனியாக வாங்க வேண்டியதில்லை.

'தோட்டம், காலி மனை எல்லாம் இருக்கிறவனுக்குச் சரி, வாடகை வீட்டுக்காரனும் ஹாஸ்டல்காரனும் எங்கே குழி தோண்டுவது?' நியாயமான கேள்வி. பழைய வீடுகளில் கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கும். நாலு பேர் உட்கார்ந்து ஆடுவதற்காக ஒட்டுக்கூரைக் கம்பியோடு சேர்த்துப் புதைத்தது. அதில் கனமான கயிறு இரண்டைக் கட்டி நடுவில் பைப்பைத் தொங்கவிட்டால் தீர்ந்தது வேலை. ஃபேன் கொக்கியில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். தெருவில் தோதான வேப்பமரக் கிளை இருந்தால் அதுவும் பார்தான். முருங்கைக் கிளை அல்ல. முருங்கையில் தொங்கியவன் கதி ஊருக்கே தெரியும்.

எதுவுமே இல்லையா? கனமான மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, விளிம்பைப் பிடித்து, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு நெஞ்சை மேஜை வரைக்கும் இழுங்கள். காலை மடக்கினால் சுலபம், நீட்டினால் கஷ்டம். பிளாஸ்டிக் மேஜை, மடக்கு மேஜை ஆகாது. ஹாஸ்டல் டபுள் டெக்கர் கட்டிலின் மேல்தட்டில் தொங்குவதும் ஆகாது, கட்டிலே சாய்ந்து மேலே வரும். கதவு இருக்கிறதா? பழைய கனத்த துண்டின் ஒரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சு அந்தப் பக்கம் இருக்கும்படி கதவின் மேல்விளிம்பில் வைத்துச் சாத்தித் தாழ் போடுங்கள். எந்தப் பக்கம் நின்றால் கதவைத் தள்ளித் திறப்பீர்களோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். துண்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து உடம்பை இழுத்து நிமிருங்கள். மரக்கதவு மட்டும். பாத்ரூம் பிவிசி கதவில் செய்தால் கதவோடு சேர்ந்து உள்ளே போவீர்கள்.

பளுவை இழுக்கலாம் என்றால் வீட்டிலேயே ஜிம் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணி கேன் 20 கிலோ. புத்தகப் பையில் அட்வான்ஸ்டு அக்கவுண்டன்சி இரண்டு வால்யூமையும் போட்டால் (கடைசியில் அதற்கும் ஒரு உபயோகம்!) குனிந்து நின்று இடுப்புப் பக்கம் இழுக்கலாம். அரிசிச் சிப்பம் இருக்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள். வரி ஏய்ப்பல்ல, வரி தவிர்ப்பு. பரீட்சையில் வித்தியாசம் கேட்டால் எழுதலாம். இழுக்கிறவருக்கு ஒரு கிலோ லாபம்.

ஒரு புல்லப்கூட வராதவர்கள்தான் பெரும்பான்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காக ஜிம்மில் ஆயிரக்கணக்கில் கட்டி 'லாட் புல்டவுன்' மெஷினில் உட்கார வேண்டியதுமில்லை. ஒரு ஸ்டூலில் ஏறி, முகவாய் பாருக்கு மேலே இருக்கும்படி நின்றுகொண்டு, ஸ்டூலை விட்டுக் காலை எடுத்து, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். ஏறத் தெரியாத தசைக்கும் இறங்கத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து தடவை. உள்ளங்கை தன் பக்கம் பார்க்கும்படி பிடித்தால் மேல்கைத் தசையும் கைகொடுக்கும், முதல் புல்லப் அந்தப் பிடியில்தான் சீக்கிரம் வரும். தோளில் ஏற்கெனவே வலி, பழைய அடி இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் பார்.

இதுவரைக்கும் சொன்னது பைசா விவகாரம். இதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று இருக்கிறது.

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் பாருக்கு 'பீம்' என்று பெயர். அங்கே பல வருஷமாக இருந்த மார்க் கணக்கு இது: 10 எடுத்தால் 40 மார்க். 9-க்கு 33. 8-க்கு 27. 7-க்கு 21. 6-க்கு 16. அதற்குக் கீழே எடுத்தால் வீட்டுக்கு வண்டி. 2022-ல் அக்னிபத் வந்தபோதும் இதே கணக்குதான் தொடர்ந்தது. மொத்தம் 100 மார்க்கில் மிச்சம் 60 ஓட்டத்துக்கு. ஓட்டத்துக்குக் கிராமத்துப் பையனிடம் ரோடு இருக்கிறது, கண்மாய்க்கரை இருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு ஓடுகிற பையன்களைப் பார்க்காத ஊர் உண்டா? ஆனால் அந்த 40 மார்க்குக்கு அவன் எங்கே தொங்குவது? தமிழ்நாடு போலீஸ் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு. அதுவும் இதே தசைதான், இதே பிடிதான். 10-க்கும் 6-க்கும் நடுவில் இருப்பது 24 மார்க். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடிய 24 மார்க். அது ஒரு இஞ்ச் பைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது, சொல்லப்போனால் அந்தப் பைப் இல்லாததில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பொதுப்பணத்தில் என்ன செய்கிறார்கள்? நகரப் பூங்காக்களில் பச்சையும் மஞ்சளுமாகத் திறந்தவெளி மெஷின்கள் நட்டிருக்கிறார்கள். காலை முன்னும் பின்னும் ஆட்டுகிற ஒன்று, இடுப்பைத் திருப்புகிற ஒன்று. குழந்தைகள் அதை ஊஞ்சலாக்கி ஆறு மாசத்தில் பேரிங்கைக் கழற்றிவிடுகின்றன. குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது, அதைவிட நல்ல உபயோகம் அதற்கு இல்லை. ஏதோ சில பூங்காவில் பார் இருக்கும், பலதில் இருக்காது. கிராம ஊராட்சிகளுக்கு 2016-ல் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் என்று அறிவித்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கட்டடம் என்றால் கதவு உண்டு. கதவு என்றால் பூட்டு உண்டு. பூட்டு என்றால் சாவி யாரோ ஒருத்தர் வீட்டில் உண்டு. மெஷின் என்றால் பெல்ட் அறும், கேபிள் அறும், மாற்றுவதற்கு ஒதுக்கீடு வேண்டும். பாருக்குப் பூட்டும் கிடையாது, கேபிளும் கிடையாது. பராமரிப்புச் செலவு வருஷத்துக்கு அரை டப்பா பெயின்ட். டெண்டர் விட்டுச் சம்பாதிக்க அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் ஒரே குறை போலிருக்கிறது.

பழைய அரசுப் பள்ளி மைதானங்களின் மூலையில் துருப்பிடித்த ஒரு சிங்கிள் பார் இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். யாரோ ஒரு பிடி வாத்தியார் எந்தக் காலத்திலோ போட்டது. மாத்ஸ் வாத்தியார் பிடி பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டே இருந்ததில் அது அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலம் பள்ளிக் கேட்டைத் திறந்துவிட்டால் பல ஊர்களுக்குப் புதிதாகப் பைப்கூட வாங்க வேண்டியிருக்காது.

பெண்கள் பக்கம் இந்தப் பேச்சே போவதில்லை என்பது இன்னொரு கொடுமை. புல்லப் பொம்பளைங்களுக்கு வராது என்று ஒரு சாஸ்திரம் உலாவுகிறது. வரும், பயிற்சிக்கு அதிக நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கே பயிற்சி செய்வது? மைதானத்துப் பாரைச் சுற்றி நாலு பையன்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஊரில் எந்தப் பெண் போய்த் தொங்குவாள்? ஜிம்முக்குப் போனால் லேடீஸ் டைம் காலை 11 முதல் 1 வரை, காலேஜ் நேரம். லேடீஸ் ஹாஸ்டல் சாயங்காலம் 6 மணிக்குப் பூட்டப்படுகிறது. உள்ளே பூட்டி வைக்கிற ஆர்வத்தில் பாதியாவது உள்ளே ஒரு பார் போடுவதில் இருக்கலாம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் இரண்டு பில்லருக்கு நடுவில் ஒரு பைப் போட எந்த யுஜிசி அனுமதியும் தேவையில்லை. மெஸ் பில்லில் மாசா மாசம் 'இதர செலவு' என்று ஒன்று வருகிறதே, அதில் ஒரு மாசத்தது போதும்.

'ஜிம்மில் மாஸ்டர் இருக்கிறார், சொல்லிக்கொடுப்பார்' என்பது கடைசி அஸ்திரம். நல்ல மாஸ்டர் இருக்கிற இடம் உண்டு, மறுப்பதற்கில்லை. அடிபட்டுத் தேறுகிறவர்கள், பளுதூக்கும் போட்டிக்குப் போகிறவர்கள், வயசானவர்களுக்கு அப்படிப்பட்டவர் கண்டிப்பாக வேண்டும். அவர்கள் தினம் போகிறார்கள், அவர்களுக்குச் சந்தா நஷ்டமுமில்லை. ஆனால் வருஷச் சந்தா கட்டிய பையனுக்கு முதல் வாரம் கிடைக்கிற கவனிப்பு இரண்டாம் வாரம் கிடைக்கிறதா? இரண்டாம் வாரத்திலிருந்து அவர் கையில் இருப்பது புரோட்டீன் டப்பா விலைப் பட்டியல். 'தம்பி, இது இல்லாம பாடி ஏறாது' என்பார். தம்பி மெஸ்ஸில் இரண்டு முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாலே பாதிக் கிணறு தாண்டலாம் என்பதை மட்டும் சொல்லமாட்டார். சுண்டலில் கமிஷன் இல்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தால் சவுக்கு இரண்டு, பைப் ஒன்று, போல்ட் இரண்டு, சிமெண்ட் ஒரு மூட்டை, கொஞ்சம் மணல் ஜல்லி. நாலு நண்பர்கள் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு மாச ஜிம் கட்டணம்கூட வராது. குழி தோண்டுவதே முதல் நாள் பயிற்சி.

இதையே ஊருக்குப் பொதுவாகப் போட வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 தடவை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர் வாக்காளர் எவரும் எழுந்து கோரிக்கை வைக்கலாம், தீர்மானமாக எழுதச் சொல்லலாம். 'உடற்பயிற்சிக் கூடம் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கட்டடம் வரும், திறப்பு விழா வரும், பூட்டு வரும். அதனால் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஏழரை அடியில் ஒரு பார், சின்னப் பையன்களும் பெண் பிள்ளைகளும் எட்டிப் பிடிக்கிற மாதிரி ஆறடியில் ஒன்று, படுத்து இழுக்க மூணடியில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து நாலு கம்பம். கீழே ஒரு லோடு ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட்.